அருளம்பலத் தண்டையலின் மெடல்

ஐயா, நான் எழுதும் மனுக்களில் அடித்தல் திருத்தல் இருப்பதில்லை. இதிலும் இராது.

மூன்று வருடமாக வல்வெட்டித்துறையில் இங்கிலீசுப் பெட்டிசம் தேவைப்படுகிறவர்கள் என்னிடந்தான் வருகிறார்கள். வாரநாட்களில் யாழ்ப்பாணத்தில் கல்லூரி விடுதியில் இருப்பேன். சனிக்கிழமை பஸ்ஸில் ஊருக்கு வருவேன். எல்லை வேலி, கிணற்றுப் பங்கு, வாத்தியாரின் இடமாற்றம் என்று எதைக் கேட்டாலும் எழுதிக் கொடுப்பேன். கூலி வாங்குவதில்லை. பதில் வரவேண்டிய விலாசமாக என் கல்லூரி விலாசத்தையே போடுவேன். இங்கிலீசுக் கடிதம் அவர்கள் வீட்டுக்குப் போனாலும், அதைத் தூக்கிக்கொண்டு என்னிடந்தானே வரவேண்டும். இந்த ஏற்பாட்டில் யாரும் இதுவரை குறை கண்டதில்லை. நான் எழுதிய மனு எதுவும் தோற்றதுமில்லை. இந்தக் கடைசி வசனத்தைத் தயவுசெய்து நினைவில் வைத்திருங்கள்.

சென்ற வியாழக்கிழமை தாங்கள் நடத்திய மரண விசாரணையில் நான் கடைசி வரிசை வாங்கில் இருந்தேன். தண்டையல் அருளம்பலம், வயது நாற்பத்தொன்பது. அவருடைய மைத்துனர் தம்பிராசா, வயது முப்பத்தொன்று. இருவரும் ‘போதிய ஆளில்லாமல் கப்பல் எடுத்த தண்டையலின் சொந்த மடத்தனத்தால்’ கடலில் மாண்டார்கள் என்று எழுதினீர்கள். அறிக்கை மொத்தம் பதினொரு வரி. வாசிக்கும்போது எண்ணினேன். அதில் ஒரு வரியிலும் என் பெயர் இல்லை.

அந்த அறிக்கையைத் திருத்தும்படி கேட்கவே இதை எழுதுகிறேன். பதிவு திருத்தக் கேட்டு எழுதுவதில் எனக்குப் பழக்கம் உண்டு. அந்தப் பழக்கம் வந்ததும் இதே அருளம்பலத்தால்தான்.

தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் ஆண்டு ஐப்பசியில் அவர் என் வீட்டுக்கு வந்தார். எங்கள் ஊரில் பாய்க்கப்பல் ஓட்டுகிற தலைவனைத் தண்டையல் என்போம். ‘பராசக்தி’ என்று ஒரு கப்பல் அவருக்குச் சொந்தமாக இருந்தது. பெரிய யுத்தத்தின்போது அவர் மூன்று வருடம் ஊரில் இல்லை. பஸ்ராவுக்குப் போய், அங்குள்ள ஆற்றில் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கு ஸ்ரீம் போட், அதாவது நீராவிப் படகு, ஓட்டியதாக அவர் சொல்வார். கள்ளச் சாமான் இறக்கிப் பிடிபட்டு இந்தியச் சிறையில் மறியல் இருந்ததாக ஊர் சொல்லும். பட்டாளம் கொடுத்த கடதாசியைக் காட்டலாமென்றால், திரும்பி வரும் வழியில் தோணி கவிழ்ந்து பெட்டியோடு போய்விட்டதாம். மிச்சமிருந்தது அவர் மனப்பாடமாக வைத்திருந்த ஒரு நம்பர் மட்டும். மூவாயிரத்து நூற்றுப் பதினெட்டு.

“தம்பி, உவங்கள் என்னை மறியல்காரன் எண்டு சொல்லுறதைப் பற்றி எனக்கு ஒண்டுமில்லை. பதினைஞ்சு வரியமாச் சொல்லுறாங்கள், வாய் நோகேல்லை அவங்களுக்கு. இப்ப பூரணத்துக்குக் கலியாணப் பேச்சுக்கால் வருகுது. நாகலிங்கத்தார் கேக்கிறார், மூண்டு வரியம் எங்கை இருந்தனீர் எண்டு. நான் வாயாலை சொன்னா ஆர் நம்பினம்?”

பூரணம் அவருடைய ஒரே மகள். நாகலிங்கத்தார் புகையிலை வியாபாரி, மாப்பிள்ளையின் தகப்பன்.

“என்ன எழுதவேணும், தண்டையல்?” என்றேன்.

“எனக்கு இரண்டு மெடல் வரவேணும். ஒண்டு யுத்தத்துக்குப் போன எல்லாருக்கும் குடுத்தது. மற்றது காயக்காரரை இறக்கினதுக்கு. ஆத்து வளைவிலை வைச்சுச் சுடுறாங்கள், நாற்பத்திமூண்டு பேர் போட்டிலை. கொண்டுவந்து சேர்த்தனான். பட்டாளத்துத் துரை தன்ரை கையாலை எழுதினவர், அருளம்பலத்துக்கு மெடல் எண்டு. றிஜிஸ்தரிலை ஏறேல்லைப் போலை.”

“மெடல் சோறு போடுமோ?”

“போடாது. ஆனா அது எனக்காகக் கதைக்கும்.”

எழுதினேன். நன்றாகவே எழுதினேன். மூன்றாம் பந்தியில் அந்த ஆற்று வளைவை வர்ணித்த இடம் எனக்கே பிடித்திருந்தது. ஐந்து மாதம் கழித்துச் சீமையிலுள்ள பட்டாளக் கந்தோரிலிருந்து துரையின் பெயரைக் கேட்டுக் கடிதம் வந்தது. அன்றே பதில் அனுப்பினேன். இதுவரை என் நடத்தையில் குற்றம் காண யாராலும் முடியாது.

நானும் நண்பர்களும் ‘கொடுக்கு’ என்ற பெயரில் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்துகிறோம். மாதத்துக்கு ஒரு முறை ஊர் வாசிகசாலையில் அதை வாசிப்போம். பங்குனி இதழில் நான் ஒரு பகிடிக் கட்டுரை எழுதியிருந்தேன். பஸ்ராவில் துருக்கியர் சுடச் சுட, ஒரு தண்டையல் தன் வேட்டியைப் பாயாகக் கட்டி ஆற்றில் தப்பி வருகிறார். பெயர் எதுவும் போடவில்லை. நல்ல சிரிப்பு. அருளம்பலமும் ஒரு மூலையில் இருந்தார். நான் முடித்ததும் கோபமில்லாமல் எழும்பினார்.

“தம்பி, நல்லா எழுதியிருக்கிறீர். ஆனா ஆத்திலை எங்களுக்குப் பாய் இல்லை. ஸ்ரீம் போட். அதோடை அந்தப் பக்கத்துக் காத்து எதிர்க்காத்து. உம்மடை ஆள் வேட்டியைக் கட்டினா நேரை துருக்கியிட்டைத்தான் போய் நிப்பார்.”

அதற்குப் பிறகு வந்த சிரிப்பு என் கட்டுரைக்கு வந்ததைவிடப் பெரிதாக இருந்தது. அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. அன்று வாசிகசாலையில் இருபத்துமூன்று பேர் இருந்தார்கள்.

எனக்குக் கோபமே வருவதில்லை என்று நண்பர்கள் சொல்வார்கள். வரும், ஐயா. நான் முகத்தில் போடுவதில்லை, அவ்வளவுதான். எனக்கு யார்மேல் கோபம் என்பதையும் பதிவில் சேர்க்கவேண்டும். ஒரு மனிதனைக் குண்டு மழைக்குள் படகு ஓட்டவைத்து, அவன் பெயரை எழுத மறந்துபோய், பதினைந்து வருடம் சொந்த ஊரில் மறியல்காரனாக நடக்கவிட்ட அரசாங்கத்தின் மேல் எனக்குக் கோபம். எங்கள் வாலிபர் சங்கத்தில் எல்லோருக்கும் அந்தக் கோபம் உண்டு. நவம்பர் பதினோராம் திகதி, யுத்தத்தில் செத்தவர்களின் நினைவாகத் துரைமார் விற்கும் சிவப்புக் காகிதப் பூவுக்கு எதிராக நாங்கள் மஞ்சள் பூவரசம்பூ விற்றோம். அருளம்பலத்தை மேடையில் ஏற்றிப் பேசவைத்தால் நன்றாயிருக்கும் என்ற யோசனையும் என்னுடையதுதான். கேட்கப் போனேன். சட்டையில் சிவப்புப் பூவைக் குத்திக்கொண்டு வலை வாடிக்கு முன்னால் நின்றார்.

“உங்களை மறந்த ராசாவுக்கோ பூக் குத்தியிருக்கிறியள், தண்டையல்?”

“ராசாவுக்கில்லைத் தம்பி. என்ரை போட்டிலை பஞ்சாபிப் பெடியள் மூண்டு பேர், தண்ணி கேட்டுக் கேட்டுச் செத்ததுகள். அதுகளுக்கு.”

இந்தப் பதில் எங்கள் கூட்டத்துக்கு உதவாது.

“பதினைஞ்சு வரியமா உங்களை மறந்தவங்களைப் பற்றி ஒண்டும் சொல்ல மாட்டியளோ?”

“மறந்தவங்கள் எண்டு சொல்லாதையும். எழுதேக்கை விடுபட்டிருக்கும். நீர் எழுதினனீர்தானே, திருத்துவாங்கள்.”

சொல்லிவிட்டு என்னிடம் ஒரு பூவரசம்பூவும் வாங்கி, சிவப்புப் பூவுக்குப் பக்கத்தில் குத்திக்கொண்டார். ஊரில் அன்று இரண்டு பூவும் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். அவ்வளவு நல்ல மனத்தோடு அடிமையாக இருக்கும் ஒருவரை என்ன செய்வதென்று எனக்கு அன்று தெரியவில்லை.

தை மாதத்தில் கல்லூரிக்கு எனக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. கையொப்பமிட்டு வாங்கினேன். மூவாயிரத்து நூற்றுப் பதினெட்டாம் நம்பர் அருளம்பலத்தின் சேவைப் பதிவு பரிசீலிக்கப்பட்டது, எழுதுநர் கவனக்குறைவால் இரண்டு பதக்கங்களும் பதிவில் விடுபட்டுள்ளன, பதிவு திருத்தப்பட்டது, பதக்கங்கள் இத்துடன், தாமதத்துக்கு வருந்துகிறோம். கடிதத்தின் இரண்டாம் பந்தியில், என் மனுவின் மூன்றாம் பந்தியிலிருந்து இரண்டு வரியை அப்படியே எடுத்து எழுதியிருந்தார்கள்.

மெடல்கள் சிறிய அட்டைப் பெட்டியில் இருந்தன. கையில் எடுத்தால் நினைத்ததைவிடப் பாரம்.

கட்டிலில் இருந்து யோசித்தேன். இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன நடக்கும்? இரண்டையும் சட்டையில் குத்திக்கொண்டு அரசாங்கக் கச்சேரி வாசலில் நின்று ஏசண்டர் துரைக்குச் சலாம் போடுவார். கொஞ்சம் சுணங்கினாலும் வெள்ளைக்காரன் நியாயக்காரன் என்று ஊர் முழுக்கச் சொல்லும். பதினைந்து வருட அவமானத்துக்கு இரண்டு வெள்ளித் துண்டோடும் ஒரு ‘வருந்துகிறோம்’ஓடும் கணக்குச் சரியாகிவிடும். அவருக்கு ஒரு வாரமாவது, ஒரே ஒரு வாரமாவது, அவர்கள்மேல் கோபம் வரவேண்டும் என்று விரும்பினேன். ஒரு மனிதனை விடுதலை செய்ய வேறு வழி இல்லை.

கல்லூரிக் கந்தோரின் ரைப்ரைட்டரில் வேறொரு கடிதம் அடித்தேன். அந்தப் பெயரிலும் அந்த நம்பரிலும் யாரும் எந்தப் படையிலும் சேவை செய்ததாகப் பதிவு இல்லை. நான்கு வரிதான். சீமைக் கந்தோரின் நடை எனக்குப் பழகிவிட்டது. முத்திரை குத்திய உண்மையான உறைக்குள் அதை வைத்தேன்.

சனிக்கிழமை அவருக்கு வாசித்துத் தமிழில் சொன்னேன். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

“நம்பரைச் சரியாப் பாத்திருப்பாங்களோ?”

“பாத்துத்தான் எழுதியிருக்கிறாங்கள். எவ்வளவு திமிர் பாருங்கோ.”

அவர் திமிரைப் பார்க்கவில்லை. கடிதத்தை வாங்கி உறையில் வைத்து மடியில் செருகினார். பிறகு, மிகவும் தன்மையாக, “நீர் எழுதினதிலை ஏதும் பிழை விட்டிட்டீரோ, தம்பி? பரவாயில்லை. சின்ன வயசுதானே” என்றார்.

அந்த ஒரு வாரம் நீண்டது அதனால்தான்.

நாகலிங்கத்தாருக்குக் கடிதத்தின் செய்தி எட்டிவிட்டது. நான் ஒரு நண்பனுக்குத்தான் சொன்னேன். மாசி கடைசி வெள்ளியில் அம்மன் கோயிலில் வைத்துக் கற்பூரச் சத்தியம் பண்ணும்படி அவர் கேட்டார். அருளம்பலம் உடனே சம்மதித்தார். அன்று கல்லூரிக்கு லீவு எடுத்துக்கொண்டு நானும் போனேன். எங்கள் பக்கத்து வழக்கம் தங்களுக்குத் தெரிந்திருக்கும். சந்நிதியில் கற்பூரத்தைக் கொளுத்தி, சொல்லவேண்டியதைச் சொல்லி, உள்ளங்கையால் அடித்து அணைத்தால் வழக்கு முடிந்தது. அதற்குமேல் யாரும் ஒரு கேள்வி கேட்கக்கூடாது.

அவர் குளித்து ஈர வேட்டியோடு வந்தார். “நான் யுத்தத்துக்குப் போனது சத்தியம். துரை எனக்கு மெடல் எழுதினது சத்தியம். பொய்யெண்டால் என்னைக் கடல் கொண்டுபோகட்டும்” என்று சொல்லி அடித்து அணைத்தார். அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

நாகலிங்கத்தார் தொண்டையைச் செருமினார். “சத்தியம் சரி. கடுதாசி ஒண்டும் வந்ததாமே. படிச்ச தம்பி இஞ்சைதான் நிக்கிறார். அதையும் ஒருக்கால் வாசிச்சால் எல்லாருக்கும் மனம் ஆறும்.”

ஐயா, அந்த இடத்தில் யாராவது ஒருவர், கற்பூரம் அணைந்தபின் என்ன கடுதாசி என்று கேட்டிருக்கலாம். ஐயர் கேட்டிருக்கலாம். நூறு பேர் நின்றார்கள். முத்திரை குத்திய உறையை எட்டி எட்டிப் பார்த்தார்கள். அம்மனுக்கு முன் சுட்ட கையைவிட ரைப் அடித்த இங்கிலீசை நம்புகிற ஊர் இது. இப்போதும் நினைத்தால் என் இரத்தம் கொதிக்கிறது. கடிதம் அருளம்பலத்தின் மடியில் இருந்தது. அதை எடுத்து என்னிடம் நீட்டியவரும் அவர்தான். மறைக்க ஒன்றுமில்லை என்று நினைத்தார் போலும்.

முதலில் இங்கிலீசில் வாசித்தேன். பிறகு தமிழில் சொன்னேன். உச்சரிப்புச் சுத்தமாக இருந்தது. இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

அதன்பிறகு நடந்தவை தங்கள் விசாரணையில் வந்தவைதான். பேச்சுக்கால் முறிந்தது. அதைவிட மோசமானது, அவருக்கு ஆள் கிடைக்கவில்லை. ‘பராசக்தி’க்குத் தண்டையலோடு எட்டுப் பேர் வேண்டும். பொய்ச் சத்தியம் பண்ணின தண்டையலோடு எங்கள் ஊரில் ஒருவரும் கப்பல் ஏறமாட்டார்கள். கடல் அவனைத் தேடி வரும்போது கூட இருப்பவனையும் சேர்த்து எடுக்கும் என்று நம்புகிறார்கள். பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று. மற்றக் கப்பல்களெல்லாம் புகையிலை ஏற்றிக்கொண்டு நாகப்பட்டினம் போய் வந்தன. அவருடையது கரையில் நின்றது. அவரைக் காணும்போது சின்னப் பிள்ளைகள் உள்ளங்கையால் தரையில் அடித்துக் காட்டுவார்கள்.

இந்தக் காலம் முழுவதும் மெடல்கள் என் சீலைப் பையில் இருந்தன. சனிக்கிழமை ஊருக்குக் கொண்டுவருவேன். திங்கட்கிழமை கல்லூரிக்குக் கொண்டுபோவேன். பதினாறு தடவை பஸ்ஸில் போய் வந்திருக்கின்றன. கொடுக்கும் எண்ணம் இல்லாதவன் இப்படிச் சுமப்பானா என்பதைத் தாங்களே யோசிக்கவேண்டும்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் நாலு மணியிருக்கும், அவர் வந்தார். மெலிந்திருந்தார்.

“நாளைக்கு விடிய வெளிக்கிடுறன் தம்பி. நாகப்பட்டினம்.”

“ஆள் ஆர்?”

“தம்பிராசா வாறன் எண்டு நிக்கிறான். வேண்டாமெண்டாலும் கேக்கிறானில்லை. அக்காவின்ரை புருசனைத் தனிய விடமாட்டானாம்.”

“இரண்டு பேரோ? சோழகக் காத்துத் துவங்கீட்டுது, தண்டையல்.”

நான் எச்சரித்தேன் என்பதையும் பதிவில் சேர்க்கவேண்டும்.

“கடல் கொண்டுபோகட்டும் எண்டுதானே சொன்னனான்” என்று சிரித்தார். “போட்டுத் திரும்பி வந்தா, சத்தியம் மெய்யெண்டு ஊருக்கு விளங்கும். பிறகு ஆள் வரும். பூரணத்துக்கும் ஒரு வழி வரும். கடுதாசி சொல்லாததைக் கடல் சொல்லட்டும்.”

பை அவருடைய தலைக்கு மேலே ஆணியில் தொங்கியது. கையை நீட்டினால் எட்டும். நான் எழும்பினேன். அதை எடுக்கத்தான் எழும்பினேன் என்று இப்போதும் நினைக்கிறேன்.

“வந்தாப்போலை இன்னொரு பெட்டிசம் போடுவம்” என்றார். “இந்தமுறை எங்கடை பள்ளிக்கூடத்து அடைக்கலநாதன் வாத்தியாரிட்டைக் குடுப்பமெண்டு யோசிக்கிறன். உம்மிலை குறையில்லைத் தம்பி, குறை நினையாதையும். உமக்குப் பகிடி எழுத்து நல்லா வரும். இது வேறை எழுத்து.”

நான் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். எழும்பியதற்கு ஏதாவது செய்யவேண்டும் அல்லவா. அவர் குடித்துவிட்டு, “நல்ல தண்ணி” என்றார். “நான் இல்லாத நேரம் கந்தோர்க் கடுதாசி ஏதும் வந்தா பூரணத்திட்டைக் குடும்.”

“ஓம்” என்றேன்.

அடுத்த சனிக்கிழமை கொடுப்பதென்று முடிவு செய்தேன். அவர் நாகப்பட்டினத்திலிருந்து திரும்பியிருப்பார்.

புதன்கிழமை தம்பிராசா தொண்டைமானாற்றுப் பக்கம் கரை ஒதுங்கினார். மறுநாள் காலை அருளம்பலமும். பாய்க் கயிறு கையில் சுற்றியிருந்ததென்று சாட்சி சொன்னார்கள். எட்டுப் பேர் இழுக்கவேண்டிய கயிறு.

இப்போது ஊர் என்ன சொல்கிறது தெரியுமா, ஐயா? கடல் தீர்ப்புச் சொல்லிவிட்டதாம். பொய்ச் சத்தியம் பண்ணினவனைக் கேட்டு வாங்கிக்கொண்டதாம். தாங்கள் அதையே கொஞ்சம் மரியாதையாக ‘மடத்தனம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு மனிதனைப் பற்றிய பதிவை இரண்டாவது முறையும் பிழையாக எழுதி, கையொப்பமும் போட்டு, சாப்பிடப் போய்விட்டீர்கள். கடலுக்கு இதில் ஒன்றும் தெரியாது. அம்மனுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.

விசாரணை முடிந்த அன்று பூரணம் என் வீட்டுப் படலையடிக்கு வந்தாள். ஓலைப் பெட்டியில் பனம்பழப் பினாட்டு வைத்திருந்தாள்.

“அப்பு சொன்னவர், நீங்கள் எழுதினதுக்கு ஒண்டும் வாங்கேல்லையெண்டு. திரும்பி வந்தாப்போலை தரவேணுமெண்டு எடுத்து வைச்சவர். அப்புவை நம்பினது நீங்கள் ஒராள்தான், அண்ணை.”

வாங்கிக்கொண்டேன். மறுத்தால் அந்தப் பிள்ளையின் மனம் நோகும். அதற்குமுன் அடைக்கலநாதன் வாத்தியாரின் வளவுக்குப் போனாளா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. பினாட்டு நன்றாக இருந்தது.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். அறிக்கையின் ஏழாம் வரியில் ‘சொந்த மடத்தனம்’ என்பதை வெட்டிவிட்டு, அருளம்பலம் யுத்தத்துக்குப் போனதும், இரண்டு மெடல் பெற்றதும், பண்ணிய சத்தியம் மெய் என்பதும் எழுதப்படவேண்டும். அவரும் தம்பிராசாவும் மாண்டதற்குக் காரணமாக என் பெயர் போடப்படவேண்டும். முழுப்பெயரும் உறையின்மேல் இருக்கிறது. தூக்குக் கயிறோ, மறியலோ, சட்டத்தில் எது இருக்கிறதோ அதற்கு நான் தடை சொல்லவில்லை. விடுபட்டவற்றைச் சேர்ப்பதுதான் முக்கியம்.

அத்தாட்சிக்காகச் சீமைக் கந்தோரின் உண்மைக் கடிதத்தையும் மெடல் இரண்டையும் இத்துடன் வைத்திருக்கிறேன். கடிதத்தின் இரண்டாம் பந்தியை அடைக்கலநாதன் வாத்தியாருக்கும் ஒருமுறை வாசித்துக் காட்டினால் நன்றி உடையவனாவேன்; அதன்பிறகு அதைப் பூரணத்திடம் கொடுத்துவிடலாம். மெடல் இரண்டையும் பார்வையிட்டபின் என் பெயருக்கே திருப்பி அனுப்பவும். அவை என் மனுவுக்குக் கிடைத்தவை.